நான்கு லிட்டர்

ரியோ மாயோவில் ஜூலை மாதம்
காற்றுக்கு மட்டும்தான் வேலை இருக்கும்.
இரவு, கிட்டத்தட்ட முழு டேங்க் என்று நிறுத்துவேன்.
விடிந்து சாவியைத் திருகினால்
முள் அடியில் படுத்துக் கிடக்கும்,
உலுக்கினாலும் எழாத குடிகாரன்போல.

எழுபத்தொன்பதாம் வருடத்து ரெனோ.
பின்சீட்டில் ரொட்டித் தட்டுகள்.
முன்னால் நூற்றிருபது கிலோமீட்டர் சரளை,
இடையில் செம்மறிகள், மனிதர் இல்லை.
முள்ளை நம்பாமல் கிளம்ப முடியாது.

நம்பினேன்.
முற்றத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும்
என் கொழுந்தன் அன்செல்மோவை,
கம்பளி வெட்டும் பருவம் முடிந்தால்
மாதக்கணக்கில் சும்மா திரிபவனை,
கையில் எந்நேரமும் ரப்பர் குழாய் வைத்திருப்பவனை
(தோட்டத்துக்கு என்பான். எந்தத் தோட்டம்?)
நம்பவில்லை.

ஒரு ஞாயிறு மதியம்
கணப்பில் இறைச்சி வெந்துகொண்டிருக்க
எல்லார் முன்னாலும் கேட்டேன்:
"பெட்ரோல் ஊற்றித்தான் வளர்க்கிறாயா வெங்காயத்தை?"
அவன் கத்தியைக் கீழே வைத்தான்.
தொப்பியை எடுத்துக்கொண்டான்.
இறைச்சியை அந்தப் பக்கம் திருப்ப
யாருக்கும் ஞாபகமில்லை.

டேங்க் மூடிக்கு நான் பூட்டு வாங்கினேன்.
முற்றத்து நடுவில் அவன் வேலி போட்டான்.
பூட்டிய பிறகும் முள் விழுந்தது.
கள்ளச்சாவி, என்றேன்.

இரண்டு குளிர்காலம்.

முந்தாநாள் இருட்டில் பிரேக்கை அழுத்தியபோது
முள் ஒருமுறை தலையாட்டியது.
மறுபடி அழுத்தினேன். மறுபடி ஆட்டியது.
பின்விளக்குக்கும் பெட்ரோலுக்கும்
என்ன உறவு, எந்த வழியில் சம்பந்தி?

நேற்று டிக்கி விரிப்பை உரித்தேன்.
மீட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கி
வெற்றுத் தகரத்தில் தொட்டுப் பிடித்தேன்;
முன்னாலிருந்து மகள் நிலேதா கத்தினாள்:
"ஏறுது, ஏறுது, உச்சி!"
ஆக மீட்டர்மேல் குற்றமில்லை.
மிதவையை உருவி எடுத்து
கையால் மெல்லத் தூக்கினேன், தாழ்த்தினேன்.
மல்டிமீட்டரில் எண்கள்
படியிறங்கும் பிள்ளைகள்போல் ஒழுங்காய் வந்தன.
அதன்மேலும் குற்றமில்லை.

மிச்சமிருந்தது எர்த் வயர்.
பின்விளக்கும் மிதவையும் ஒண்டிக்குடித்தனம் நடத்தும்
ஒற்றைத் திருகாணி.
அதைச் சுற்றிப் பச்சையாய்ப் பூத்திருந்தது களிம்பு.
உறைபனி இரவில் பிடி தளரும்;
சரளையில் குலுங்கக் குலுங்க
பத்து மணிக்குமேல் ஒட்டிக்கொள்ளும்.
உப்புத்தாள், கொஞ்சம் வாசலின்.
எல்லாம் சேர்த்து ஒரு பாட்டு ஓடும் நேரம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
"காலி" டேங்கில் கேனைக் கவிழ்த்த காலைகள்.
ஐம்பது லிட்டர் பிடிக்கும் வயிறு
ஒவ்வொரு முறையும்
நான்கு லிட்டரில் ஏப்பம் விட்டு
நுரைத்து என் காலணியில் வழிந்தது.
அளவு சரியில்லை என்று
கேன் விற்றவனையும் திட்டினேன்.
என் கைக்குத் தெரிந்திருக்கிறது.
நான்தான் கையிடம் கேட்கவில்லை.

இன்று காலை மைனஸ் பதினொன்று.
சாவியைத் திருகினேன்.
முள் நேற்று விட்ட இடத்திலேயே நின்றது.
ஒரு நொடி,
யாரிடமும் சொல்லமாட்டேன்,
விழுந்துவிடேன் என்று
அதைக் கெஞ்சினேன்.

பூட்டைத் திறந்து
வேலிக் கம்பியில் மாட்டினேன், சாவியோடு.
அவன் ஜன்னலில் திரை அசைந்தது
காற்றாகவும் இருக்கலாம்.
மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று
ரொட்டி வாங்கிய பதினேழு வீட்டிலும்
வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன்.

மாலை திரும்பியபோது பூட்டைக் காணோம்.
சாவி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.
வேலி அப்படியே இருக்கிறது.
முள், பாதியில்.