தொண்ணூற்றாறு பற்கள்

தனக்கன்குளம் விலக்கில் இறங்கி உள்ளே நடந்தால்
மூன்றாவது தெருவில் ஐந்து வீடு, பதினொரு காலிமனை.
தெருவிளக்குக் கம்பம் உண்டு.
விளக்கு இருந்ததற்கான ஓட்டையும் உண்டு.

மகளோடு ஓசூருக்குப் போகும்போது
அருளப்பன் சார் சொன்னது:
"வாசல் லைட்டு ஆறேகாலுக்கு எரியணும்,
பத்தரைக்கு அணையணும்.
ஆளிருக்கிற மாதிரி இருக்கணும் தம்பி.
ஆளிருக்கிற வீட்ல பத்தரைக்கு மேல
எவன் லைட்டப் போட்டு வச்சிருப்பான்?"
கருவூலத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர்.
பேட்டரி வைத்த டைமர் ஐந்நூறு கூட என்றேன்.
"கரண்ட்டுல ஓடுறதுக்கு எதுக்குப்பா பேட்டரி?"
நானும் மேலே பேசவில்லை.

டவுன்ஹால் ரோட்டில் வாங்கினேன்.
உள்ளங்கை அகல வட்டம்,
சுற்றிலும் தொண்ணூற்றாறு பற்கள்,
பல்லுக்குக் கால்மணி நேரம்.
அழுத்திய பல் வெளிச்சம்,
அழுத்தாத பல் இருட்டு.
ஆறேகாலில் தொடங்கிப் பதினேழு பற்களை
நகத்தால் ஒவ்வொன்றாக அழுத்தினேன்.
கேட்டுத் தூணில் பெட்டியை வைத்து மூடும்போது
உள்ளே அந்தச் சின்ன மோட்டார்
அரிசிக்குள் வண்டு மாதிரி அரித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை
மாதாந்திரப் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை.
தெருவே விசிறியோடு உட்கார்ந்திருந்த அந்த ஐந்து மணி நேரம்
டைமருக்கு மட்டும் நடக்கவேயில்லை.
கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து,
ஒன்பது மணியிலிருந்து,
நேர்மையாகத் தப்பாக ஓட ஆரம்பித்தது.

ஓசூரிலிருந்து போன்.
"பத்தொம்பது நாளா சாயங்காலம்
வீடு இருட்டாக் கெடக்காமே, எதிர்வீட்ல சொல்றாங்க.
கூலி வாங்கிட்டுத்தானே போனீங்க?"

போனேன். பெட்டியைத் திறந்துகொண்டிருக்கையில்
ஸ்கூட்டி ஒன்று பக்கத்தில் நின்றது.
ஒரு மனை தள்ளி இருக்கும் நாகஜோதி,
கப்பலூர் ரப்பர் கம்பெனி, இரண்டாம் ஷிப்ட்,
டிபன் கேரியர் கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது.
"இந்த லைட்ட என்னண்ணே பண்ணப்போறீங்க?"
"டைம் தப்பா ஓடுதும்மா. சரி பண்ணணும்."
"தப்பாவா?"
கொஞ்சம் நின்றாள்.
"பதினொன்னே முக்காலுக்கு இங்கிட்டுத் திரும்புவேன்.
ஹெட்லைட்ட அணைச்சா பூட்டும் தெரியாது,
நாயும் தெரியாது.
இந்தப் பத்தொம்பது நாளாத்தான்
பூச்சிபொட்டு கெடக்கான்னு பாத்துக் காலு வைக்கிறேன்.
சாருதான் எனக்காக மாத்திவச்சாருன்னு நெனச்சேன்.
போன்ல நன்றி சொல்லணும்னு இருந்தேன்.
நல்லவேளை, சொல்லல."
சிரித்தாள். வண்டியைக் கிளப்பியவள் திரும்பிச் சொன்னாள்:
"திங்கக்கெழமையிலருந்து காலை ஷிப்ட்டுதான்.
உங்க வேலையப் பாருங்கண்ணே."

செல்போனைப் பார்த்து வட்டத்தைத் திருகினேன்.
இரண்டே முக்கால்.
பதினேழு பற்களும் தம் இடத்துக்கு வந்தன.
பத்தரைக்கு அப்பால் நான்கு பல் விட்டு
இரண்டு பல்லை அழுத்தினேன்.
ஒன்பது வாட்ஸ் பல்பு, அரைமணி நேரம்.
மாதம் முழுக்க எரிந்தாலும் எட்டில் ஒரு யூனிட் வருமா?
நூறு யூனிட் இலவசம்,
பூட்டிய வீட்டில் அது எங்கே தீரப்போகிறது
என்றெல்லாம் கணக்குப் போட்டது
அழுத்தியதற்குப் பிறகுதான்.

"சரியாயிருச்சா?"
"ஆயிருச்சு சார்."
"பத்தரைக்கு அணைஞ்சிரும்ல?"
"அணைஞ்சிரும் சார்."
அணையும்.
அதற்கப்புறம் என்ன என்று அவர் கேட்கவில்லை.

இந்த டைமருக்கு வாரம் தெரியாது.
தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு நாள்.
அவள் காலை ஷிப்ட் போகும் வாரங்களிலும்
பதினொன்றரைக்கு
ஆளில்லாத வீடு ஆளில்லாத தெருவைப் பார்த்துக்
கண்ணைத் திறக்கும்.
கேட்டுக்கு வெளியே படுத்திருக்கும் செவலை நாய்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அடுத்த பராமரிப்பு இருபத்திரண்டாம் தேதி.
இரண்டு மணிக்குமேல் போய்த் திருகிவிட வேண்டும்
என்று டைரியில் குறித்தேன்.
கூலி என்ற கட்டத்தில் ஒரு கோடு.