கைப்பிடிக் கடன்

சோழவந்தான் தாண்டி
வாய்க்கால் இரண்டாகப் பிரியும் மதகடியில்
நெல்லுக்காரி இருக்கிறாள்.
கூரை இல்லை. கண்மலர் இல்லை.
இடுப்பளவு கல், மஞ்சள்,
வயிற்றுப் பக்கம் மட்டும்
கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பு.

போன ஆடியில்
ஒரு கைப்பிடி விதைநெல் அளந்து கொடுத்தார்கள்.
விளைந்ததும் திருப்பித் தர வேண்டும்.
எனக்கு வயலில்லை என்றேன்.
"மண்ணு இருக்கும்ல?" என்றான் சோணைராஜ்.
மோட்டார் ரூமுக்கும் அவளுக்கும்
அவன்தான் பொறுப்பு.

விளாங்குடியில் மூன்றாவது மாடி.
பெயின்ட் வாளியில் வண்டல்,
மூட்டை நூற்றைம்பது, அதில் பாதி மணல்.
கொசு வருகிறதென்று
குடியிருப்போர் சங்கத்தில் புகார்.
புறாவை விரட்ட சிடி கட்டினேன்,
எங்கள் கல்யாண சிடி.
போட்டுப் பார்க்கத்தான் இப்போது பெட்டி இல்லையே.
வெயிலில் அது சுற்றச் சுற்ற
சுவரெல்லாம் வெளிச்சத் துண்டுகள் ஓடின.

அதே மாதங்களில்
கே.கே. நகர் ஆஸ்பத்திரியில்
என் வயிற்றில் ஊசிக்கு இடம் தேடினார்கள்.
ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் மருந்து.
பதினாலாம் நாள்
ராஜாங்கம் போனை எடுத்தார், கேட்டார்,
சார்ஜில் போட்டார்,
நூறு சதவீதம் இருந்தும்.
அன்று சாயங்காலம் மாடிக்குப் போனேன்.
கதிர் லேசாகத் தலைசாய்ந்திருந்தது.
ஒரு மணியை நசுக்கினேன்.
விரலில் வெள்ளையாய் ஒரு சொட்டுப் பால்.
கோபம் வந்தது.
பிறகு தண்ணீர் ஊற்றினேன்.

இன்று தை இரண்டாம் வெள்ளி.
பதினேழு கதிர், மூன்று முழுப் பதர்,
உதிர்த்து டிபன் பாக்ஸில் கொண்டுவந்திருக்கிறேன்.
எனக்கு முன்னால் ஒருத்தி
இடுப்பில் பிள்ளையோடு.
பிள்ளை எட்டிக் கல்லை நக்குகிறது.
யாரும் தடுக்கவில்லை.

சோணைராஜ் ஊதிப் பதரை விலக்குகிறான்.
பிடித்துப் பார்க்கிறான்.
கைப்பிடிக்கு நாலு மணி கூடவே இருக்கிறது.
நாற்பது பக்க நோட்டு. கோடு போட்டு
இரண்டே கட்டம்:
வாங்கியது. கொடுத்தது.
மூன்றாவதாக ஒன்று இருக்குமென்று
ஓரம்வரை பார்க்கிறேன்.
என் பேருக்கு நேரே டிக் அடிக்கிறான்.
"கணக்கு சரியாப் போச்சுக்கா."

ஆறு வருஷத்தில்
யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை.

"மறுபடி எழுதவா?"
வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறக்கிறேன்.
நாலு நாற்பது பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது.
பெரியாற்றுத் தண்ணீர் மதகில் முட்டி
ஒரு பக்கமாய் ஒதுங்கிப் போகிறது.
"வாளி இன்னொண்ணு இருக்கு.
ரெண்டு கைப்பிடியா எழுது."

பேனா எழுதவில்லை.
உதறுகிறான்.