வராததற்குக் காரணம்

வருகைப் பதிவேட்டில் கடைசிக் கட்டம்
மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலம்,
வராததற்குக் காரணம் எழுத.

விதைப்பு, என்று எழுதினேன் மே மாதம் முழுக்க.
பூட்ஸ் இல்லை, இன்று தம்பியின் முறை.
புழுதிப் புயல், குதிரைக்கு வழி தெரியவில்லை.
பரஸ்கா கொவல்ச்சுக்குக் காரணம் எழுதவில்லை.
அவள் அப்பாவைப் பற்றி
சஸ்காட்செவனில் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

முப்பத்து நாலு, ஜூன்.
சனிக்கிழமை ஹால்வரைக் கட்டிக்கொண்டேன்.
செவ்வாய்க்கிழமை கடிதம் வந்துவிட்டது.
பள்ளிக் குழுத் தலைவர் நீல்ஸ் ஓஸ்ட்புவின் கையெழுத்து,
நான் எழுதப் பழக்கிய அவர் மகளுடையதைவிட மோசம்.
கல்யாணமான பெண்ணுக்கு எதற்குச் சம்பளம்,
புருஷன் சோறு போடமாட்டானா.

அந்த வருஷம் கோதுமை முழங்காலைத் தாண்டவில்லை.
வெட்டுக்கிளி தின்றது போக
மிச்சத்தை வங்கி தின்றது.
ஹால்வர் நல்லவன்.
நல்ல குணத்தை அடுப்பில் வைத்து எரிக்கவா முடியும்?

கற்றுக்கொண்டேன்:
பன்றிக்குட்டியின் பல் நறுக்க,
பாலேடு பிரிக்கும் எந்திரத்தின் முப்பத்திரண்டு தட்டுகளை
வரிசை மாறாமல் கழுவ.
முட்டைக் கணக்கு நோட்டில் பழைய பழக்கத்தில்
கடைசியாக ஒரு கட்டம் அகலமாய்ப் போட்டேன்.
இடாததற்குக் காரணம்: நரி.

எட்டு வருஷம்.
இளம் வாத்தியார் விமானப்படைக்குப் போனார்.
அடுத்து வந்த பெண், கிழக்கே குண்டு செய்யும் ஆலைக்கு.
கிறிஸ்துமஸிலிருந்து பள்ளிக்குப் பூட்டு.

மார்ச்சில் ஓர் இரவு
தொழுவத்து வாசலில் நீல்ஸ் ஓஸ்ட்பு,
தொப்பி கையில்.
என் வலது கை தோள்வரை பசுவுக்குள்.
கன்றின் தலை திரும்பிக் கிடந்தது.

"டீச்சர்," என்றார்.
"இந்தக் கயிற்றைப் பிடியுங்கள்," என்றேன்.
"குழு கூடி ஒரு முடிவு..."
"இழுங்கள். பொறுங்கள். இப்போது!"

கன்று வழுக்கி விழுந்தது, அவர் கோட்டின் மேல் பாதி.
வைக்கோலில் கை துடைத்தபடி சொன்னேன்:
போன வாத்தியாருக்குக் கொடுத்த அதே சம்பளம்.
மாதக் கடைசியில், பணமாக; ஓட்ஸ் மூட்டையாக அல்ல.
விறகு உங்கள் பொறுப்பு.
எதற்குத் தலையாட்டினாரோ,
ஆட்டிக்கொண்டே இருந்தார்.

லாந்தர் பிடித்திருந்த ஹால்வர்
படுக்கையில்தான் வாய் திறந்தான்.
"பால் யார் கறப்பது?"
காலையில் நான் என்றேன்.
வெகுநேரம் கழித்து, இருட்டில்,
"சரி. சாயங்காலம் நான்."

பள்ளியில் மணிக் கயிறு இற்றுப்போயிருந்தது.
சுருட்டிவைத்த உலகப்படத்தில் எலி குட்டி போட்டிருந்தது,
ஆஸ்திரேலியாவைக் காணோம்.
கன்றிழுத்த கயிற்றை அலசி மணியில் கட்டினேன்.
பின்பெஞ்சுப் பையன்கள் மோந்து பார்த்துச் சிரித்தார்கள்.
பண்ணைப் பிள்ளைகள், வாடை தெரியாதா.

இரண்டரை மணிக்கு, வகுத்தல் கணக்கின் நடுவே,
மார்பு கட்டிக்கொண்டது.
நாலு மைலுக்கு அப்பால் ஒன்பது மாதக்காரி
விழித்திருப்பாள்.
சட்டை நனைய நனைய
மிச்சமிருந்த உலகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
"கனடாவின் ஏரிகளைச் சொல்லுங்கள்" என்றேன்.
சொன்னார்கள், ஒவ்வொன்றாக, மெதுவாக.

எல்லோரும் போனபின் மேசைக்குள் என் பழைய பதிவேடு.
முப்பத்து நாலு ஜூனோடு நின்றிருந்தது.
அடுத்த கோட்டில் ஸ்வான்ஹில்ட் என்று எழுதினேன்.
எட்டு வருஷத்துக்கும் வரவில்லை என்று குறித்தேன்.
கடைசிக் கட்டத்துக்குப் பேனா வந்தது.

வெறுமையாய் விட்டுவிட்டுக்
குதிரையைப் பூட்டப் போனேன்.