அட்டையிடம் கேட்பது

லாவோஸ் எல்லையில் மூன்றாம் நாளாக மழை.
பொலோங் நெம் காலுறையை உருட்டி இறக்குகிறாள்:
ஏழு அட்டை, தொப்புளருகே எட்டாவது.
தன்னைக் குடித்தவற்றை உதறிவிடுகிறாள்.
இலைநுனியில் பசித்து எழுந்து
மோந்து நெளிபவைதான் வேண்டும்.
போன மழைக்குக் குடித்தது
அவற்றின் வயிற்றில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.
குப்பி, தேதி, ஓடையின் பெயர்.

சாவோலாவை அவள் பார்த்ததில்லை.
அப்பா பார்த்தது கண்ணிக் கம்பியில்;
கொம்பு இரண்டிலும் வீட்டில் தொப்பிகள் தொங்கின.

பதினான்கு மாதம் கழித்து ஹனோயிலிருந்து தாள்:
கேளையாடு. முள்ளம்பன்றி. கேளையாடு.
மனிதர், நான்கு.
ஒன்று நானாக இருக்கலாம் என்கிறாள்.
மற்ற மூவர் யாரென்று அட்டை சொல்லாது.
சாவோலா என்ற கட்டத்தில் ஒரு கோடு.

கோட்டுக்குக் கீழே பென்சிலால் எழுதுகிறாள்:
மேற்கு ஓடை இன்னும் பார்க்கவில்லை.
அரிசி, மின்கலம், புகையிலை.
குப்பி நூறு போதாது.