பதினேழாவது கலம்

முப்பது கலங்கள், ஒன்றின்மேல் ஒன்று,
எல்லாம் சேர்ந்தும் ஒரு பிஸ்கட் டின் உயரம்தான்.
தெமட்டகொடையில் தண்டவாளத்துக்குப் பின்னால்
முன்பு டயர் புதுப்பித்த கொட்டகை.
உலைக்குள் எழுநூற்றைம்பது பாகை,
வெளியே முப்பத்திரண்டு.
எனக்கு வியர்ப்பது வெளியே உள்ளதற்கு.

இருபத்தொன்பது கலம் சொன்னபடி கேட்கிறது.
பதினேழாவது மட்டும் சுமை ஏற ஏறத் தலைகுனிகிறது:
பூச்சியம் தசம் ஏழு எட்டு,
ஏழு ஒன்று,
ஆறு நான்கு.
அதற்கு மேல் மின்னோட்டம் கேட்டால் அது செத்துவிடும்;
ஆகவே மற்றவையும் அதன் நடைக்கே நடக்கின்றன.

மிஸ்பாஹ் வாயுவைக் கூட்டிப் பார்த்தான்.
அசையவில்லை.

நிமிடத்துக்கு ஒரு பாகையாக ஆறவிட்டோம், பன்னிரண்டு மணி நேரம்.
இது பொறுமையல்ல, பீங்கானின் நிபந்தனை.
திறந்தால்,
உலோகத் தகட்டின் மேடுகளில் நான் பூசிய கறுப்புப் பசை
பாதி இடத்தில் கலத்தைத் தொடவேயில்லை.
தொட்டதுபோல் இருந்திருக்கிறது, அவ்வளவே.
(வெள்ளவத்தையில் என் படுக்கையறைச் சுவருக்கு அப்பால்
ஆறு வருடமாக ஒருவர் இருமுகிறார்.
பெயர் தெரியாது.)

தகட்டைத் தேய்த்து மட்டமாக்கினேன்.
பசை இரண்டு பூச்சு. புதுக் கண்ணாடி முத்திரை.
அழுத்தம் போதாதென்று
மிஸ்பாஹ் தன் மாமனாரின் அரிசிக் கடையிலிருந்து
பத்துக் கிலோப் படிக்கல் இரண்டைக் கொண்டுவந்தான்.
"நாளைக்குப் பின்னேரம் திருப்பிக் குடுக்கணும்,
சனிக்கிழமை யாவாரம்."

மறுபடி சூடேற்றி, மறுபடி ஹைட்ரஜன்.
அதிகாலை மூன்று பத்துக்குக் கரண்ட் போயிற்று.

மின்தடை.
நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல்:
மில்லியோம் மில்லியோமாக நான் துரத்துவதும்
தெருவை ஒரேயடியாக விழுங்கியதும்.

காற்றூதியை பேட்டரி தாங்கிக்கொண்டது.
உலை தன் சூட்டை இன்னும் விடவில்லை.
சுமைக்கென்று மாட்டியிருந்த லொறி பல்ப்
யாரும் கவனிக்காமல் எரிந்துகொண்டிருந்தது,
படிக்கற்களில் "10 கி" என்று வாசிக்கும் அளவுக்கு.
அடுத்த வீட்டுப் பொடியன் மதிலில் ஏறி
"உங்களுக்கு மட்டும் எப்படி?" என்றான்.
மிஸ்பாஹ் விளக்கத் தொடங்கி
ஒட்சிசன் அயனில் சிக்கிக்கொண்டான்.

பல்ப் வெளிச்சத்தில் குறிப்பேட்டில் எழுதினேன்:
பதினேழு — ஏழு ஆறு.
நல்லது.
இருபத்திரண்டு — ஏழு இரண்டு, இறங்குகிறது.
படிக்கல் சனிக்குள்.