ஒன்பது ஸ்போக்

ஏரிக்கரை வாடகை சைக்கிள்களின்
உடைந்த ஸ்போக்குகள் ஒன்பது.
ரொசாரியோ காசு வாங்கவில்லை.
"எதுக்குண்ணே?" என்றான்.
கஞ்சி வைக்க.

முதல் மூன்றை வளைத்தது குட்டை.
பாத்திரம் டப்பா அடுப்பின் வாயைப் பொத்த
ஸ்பிரிட் தீ மூச்சு முட்டி அணைந்தது.
அடுத்தது நெட்டை:
தீக்கும் பாத்திரத்துக்கும் நடுவே
கூக்கல் காற்று
குனியாமலே நடந்து போனது.

எவ்வளவு இடைவெளி?
விரல்களை அடுக்கிப் பார்த்தேன்.
இரண்டு விரல்,
அப்புறம் சுண்டுவிரலில் பாதி.

கட்டுக்கம்பி சுற்றிய மூன்றாவது
நிற்கிறது.
பாத்திரம் மட்டும் ஏரிப் பக்கம் சரிகிறது.
குட்டைக் காலுக்கு அடியில்
ரொசாரியோ வாங்காத காசில்
ஒரு ரூபாயைச் செருகினேன்.

வெயிலில் இந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது.
எரிகிறாயா என்று
உள்ளங்கையை நீட்டித்தான் கேட்க வேண்டும்.
இரண்டு முறை கேட்டேன்.
இரண்டாவது முறை
முழங்கை ரோமம் பொசுங்கியது.

நாலு மணிக்கு மூடுபனி
புல்மேட்டைத் தாண்டி வந்து உட்கார்ந்தபோது
நீலமாய்த் தெரிந்தது,
மூன்று கால்களுக்கு நடுவே,
கொஞ்ச நேரம்.

அதற்குள் ஸ்பிரிட் தீர்ந்தது.
நொய் அரை வேக்காடு.
ஊதி ஊதிக் குடித்தேன்.
ரூபாய் ஆறட்டும் என்று
காத்திருந்தேன்.