செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே

ட்ரொம்சோவில் சூரியன் தலைகாட்டாத வாரங்கள் இவை.
காலை ஏழு மணியும் இருட்டு, மாலை மூன்று மணியும் இருட்டு.
நண்பகலில் ஒரு நீலம் வந்து போகும்.
அப்போது நான் பணிமனையில்
நான்காவது பேருந்தின் உப்புக் கறையைக்
கழுவிக்கொண்டிருப்பேன்.

ஆஸ்மெரெட்டுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
நாங்கள் கிளம்பிப் போன பிறகுதான் அவள் வந்து கதவைத் திறப்பாள்.
எங்கள் இல்லறம் ஃபிரிட்ஜ் கதவில் நடக்கிறது:
"நாஹோமுக்கு இருமல் மருந்து, அரை மூடி."
"வாடகை கட்டியாச்சு."
"பருப்பு இருக்கு. சாப்பிட்டுட்டுப் படு."

மழலையர் பள்ளித் தாளும் அங்கேதான் தொங்கியது,
வால் உடைந்த மீன் காந்தத்துக்கு அடியில்.
எல்லோரும் இரவு உடையில் வர வேண்டிய நாளாம்.
இந்த ஊர்ப் பேச்சில் செவ்வாய் என்றால் டீர்ஸ்டாக்,
வியாழன் என்றால் டோர்ஸ்டாக்.
எழுதும்போது ஓர் எழுத்துதான் வித்தியாசம்.
மூன்று வருடம் மொழி வகுப்புக்குப் போனவன்,
வினைச்சொற்களில் எல்லாம் தேறியவன்,
அந்த ஓர் எழுத்தில் வழுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை.
கம்பளி உள்ளுடை, அதன்மேல் பைஜாமா, அதன்மேல் பனியுடுப்பு.
நாஹோமை உள்ளே திணித்து ஜிப்பை இழுத்ததும்
ஒன்றுக்குப் போகணும் என்றான்.
மறுபடி முதலிலிருந்து.
டெலினாவின் முடியை நான்காகப் பிரித்துப் பின்னினேன்.
மூன்றாவது பின்னல் எப்போதும் கோணும்.
"அம்மா பின்னினா வலிக்கும், நீங்க பின்னினா அவிழும்."
மஞ்சள் நிலாக்கள் போட்ட பைஜாமா அவளுக்கு.
வாசலில் விட்டதும் திரும்பி ஓடினேன்,
ஏழு இருபது பஸ்ஸுக்கு.
உள்ளே மற்றப் பிள்ளைகள் என்ன உடுத்தியிருந்தார்கள்,
பார்க்கவில்லை.

மாலையில் போனபோது
யாருடையதோ ஒரு கால்சட்டையில் நின்றாள் டெலினா,
இடுப்பில் இரண்டு மடிப்பு.
நாஹோம் மாற்ற மறுத்துவிட்டானாம்.
டைனோசர்களோடு வந்து என் காலைக் கட்டிக்கொண்டான்.
பரவாயில்லை என்றார் இங்வில்ட் டீச்சர்.
எந்த ஊரிலும் நான் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் அது.
மன்னிப்புக் கேட்டேன்,
இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல்.

பஸ்ஸில் மூன்று நிறுத்தம் வரை அவள் பேசவில்லை.
"இது எங்கப்பா கழுவின பஸ்" என்று
ஓட்டுநருக்குக் கேட்கும்படி நாஹோம் அறிவித்தான்.
நான்காவது நிறுத்தத்தில்:
"ஈ. சொல்லுங்க."
ஈ என்றேன், பல் தெரிய.
"ஓ."
ஓ என்றேன், உதடு குவித்து.
முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.
"இன்னொரு தடவை."

எல்லாரும் சிரிச்சாங்களா என்று கேட்டேன்.
ஜன்னலில் விரலால் ஏதோ வரைந்தபடி,
"எங்க வீட்டு வழக்கப்படி இன்னைக்குத்தான்னு சொல்லிட்டேன்" என்றாள்.
ஐந்து வயது.
எனக்காக ஒரு பண்டிகையையே கட்டிவிட்டிருக்கிறாள்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அவிழ்ந்திருந்த மூன்றாவது பின்னலை
மெல்லச் சரிசெய்தேன்.
"வியாழக்கிழமை நீங்களும் போடணும்."

புதன் என்றொரு நாள் இருந்தது. துணி துவைத்தேன்.

வியாழன்.
பஸ் நிறுத்தத்தில் என் ஆரஞ்சு வேலையுடுப்பைக் கணுக்காலில் தூக்கி,
ஃபோன் வெளிச்சத்தில் சோதித்தாள்.
உள்ளே நீலக்கோடு. தலையாட்டினாள்.
பத்து மணிக்குள் அந்தக் கோடு நனைந்து காலோடு ஒட்டியது.
பூட்ஸுக்கு மேலே அது எட்டிப் பார்த்ததைக்
கவனித்தான் மேற்பார்வையாளன் கெட்டில்.
ஒன்றும் கேட்கவில்லை.
காப்பியை என் பக்கம் நகர்த்தினான்.

வீட்டுக்கு வந்து மேலுடுப்புகளை உரித்துப் போட்டோம்.
நிலாக்கள், டைனோசர்கள், ஈரக் கோடுகள்.
கூடத்து சோபாவில் ஆஸ்மெரெட் தூங்கிக்கொண்டிருந்தாள்.
வெள்ளைச் சீருடை, நெஞ்சில் பெயர்ப் பட்டை,
ஒரு காலில் இன்னும் ஷூ.
அடுப்பில் பருப்பு தொட்டபடி இல்லை.
நாஹோம் கிட்டப் போய் அவள் பொத்தான்களை
ஒவ்வொன்றாகப் பார்த்தான்.
பிறகு எங்கள் பக்கம் திரும்பி,
ரகசியம் என்று அவன் நினைத்துக்கொண்ட குரலில்:
"அம்மாவுக்கு நாள் மாறிப்போச்சு."